செயலி காது கொடுக்கும். கதை கேட்க ஆள் வேண்டாமா?

திண்டுக்கல்லில் இருந்து கரூர் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் தாடிக்கொம்பு வந்துவிடும். குடகனாற்றுப் பக்கம் இருக்கும் பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்கு இது சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களால் தெரிந்த ஊர். உள்ளூர்க்காரர்களுக்கோ தோட்டம், வேடசந்தூர் வரை நீளும் நூற்பு மில்கள், தினமும் திண்டுக்கல் டவுனுக்குப் போய் வரும் வேலை என்று ஓடுகிற பிழைப்பு.

இப்படி ஓர் ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். அம்மா மில்லில் ஷிப்ட். அப்பா டவுனில் வேலை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். மூணாவது படிக்கும் மகள் கைக்கு அந்த போன் வரும்போது ராத்திரி எட்டு மணி தாண்டிவிடும். பள்ளியில் 'இந்தச் செயலியில் தினமும் படிக்க வையுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "போன்ல படிச்சா சீக்கிரம் வந்துருமாமே" என்று அம்மாவுக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை சரியா? கணினி, டேப்லெட், செயலி இவற்றால் ஒரு குழந்தைக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தர முடியுமா? முடியும், ஆனால் பாதிதான். மீதிப் பாதிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். தமிழ்நாட்டில் கருவிக்கு இருக்கும் கவனம் அந்த ஆளுக்கு இல்லை என்பதுதான் பிரச்னை.

வாசிப்பு நிலவரம் என்ன?

'பிரதம்' அமைப்பு நடத்தும் 'அசர்' என்ற கல்வி நிலை ஆய்வு, கிராமப்புற வீடுகளுக்கே நேரில் போய்க் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. பெரிய பரீட்சை எல்லாம் இல்லை. எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. எதுவரை தடையில்லாமல் படிக்க முடிகிறது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

2018-ல் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் 40.7 சதவீதம் பேர் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் இது 25.2 சதவீதம். மூன்றாம் வகுப்பில் 10.2-ல் இருந்து 4.8 சதவீதமாகச் சரிந்தது. 2024-ல் நிலைமை தேறி, ஐந்தாம் வகுப்புக் கணக்கு மறுபடி 35 சதவீதத்தைத் தாண்டியது.

இது மாதிரிக் கணக்கெடுப்பு. ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு எல்லாப் பாடமும் தமிழ்ப் பாடமாகவே நின்றுவிடும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காக 2025-ல் மாநில அரசு 'திறன்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததே இதற்குச் சாட்சி.

அரசு சும்மா இருந்ததா?

இல்லை. பள்ளிக் கல்வியில் தொழில்நுட்பத்துக்கு இவ்வளவு செலவு செய்த மாநிலங்கள் குறைவு. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2018-ல் கியூஆர் கோடு அச்சிட்ட புதிய பாடநூல்கள். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. அதன்பின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள்.

வாசிப்புக்கென்றே வந்தது 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் மாதம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை, பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் நீண்டது. இதில் பாராட்ட வேண்டிய யோசனை, ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, யாருக்கு எது தேவையோ அதில் இருந்து ஆரம்பிப்பது. யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற மதிப்பீடு செயலியில் பதிவாகிறது.

அதே 2022 ஜூன் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில், கூகுளின் 'ரீட் அலாங்' செயலியை வைத்து 12 நாள் வாசிப்பு மாரத்தான். மாநிலம் முழுக்கக் குழந்தைகள் படித்த சொற்கள் 200 கோடியைத் தாண்டியதாகக் கணக்கு வந்தது. கேட்பதற்கே பிரமிப்பான எண். ஆனால் இந்த எண் எதை அளக்கிறது? அதைப் புரிந்துகொள்ள, செயலி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

செயலி எப்படிக் 'கேட்கிறது'?

'ரீட் அலாங்' 2019-ல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. திரையில் ஒரு கதை. பக்கத்தில் 'தியா' என்ற பொம்மைப் பாத்திரம். குழந்தை சத்தமாகப் படிக்கப் படிக்க, சரியாகச் சொன்ன சொல் நிறம் மாறும். திணறினால் அந்தச் சொல்லைத் தொடலாம், தியா சொல்லிக் காட்டும். முடித்தால் நட்சத்திரம். கதைகளை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

உள்ளே நடப்பது இதுதான். மைக்கில் விழும் குரலை மென்பொருள் ஒரு நொடியின் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கும் என்று கணிக்கிறது. அடுத்து வர வேண்டிய சொல் எது என்பது அதற்கு முன்பே தெரியும். கணித்த ஒலிகள் அந்தச் சொல்லோடு போதுமான அளவு பொருந்தினால் 'சரி'.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் தினமும் பத்து நிமிடம் சத்தமாகப் படிப்பதை ஓர் ஆசிரியரால் கேட்க முடியாது. கேட்டால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். செயலிக்குப் பொறுமை உண்டு. அதே சொல்லை இருபது தடவை தப்பாகப் படித்தாலும் அது முகம் சுளிக்காது, பக்கத்துப் பையன் மாதிரிச் சிரிக்காது. கூச்சப்படும் குழந்தைக்கு அது பெரிய உதவி.

ஆனால் அது கேட்பது ஒலியை மட்டும்தான். குழந்தைக்குப் புரிந்ததா என்பது அதன் காதில் விழாது.

தமிழுக்கே உரிய மூன்று முடிச்சுகள்

முதல் முடிச்சு, எழுத்தும் ஒலியும். தமிழில் 247 எழுத்துகள். பார்க்கப் பெரிய எண். 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் தெரிந்து, சேரும் முறை பிடிபட்டால் மீதி 216 உயிர்மெய்யும் வந்துவிடும். ஆனால் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாற்றும். 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் 'க' வரிசை எழுத்துதான், ஒலி மூன்றிலும் வேறு வேறு. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை இதைக் காதாலேயே பிடித்துக்கொள்ளும். திண்டுக்கல் பக்கம் மில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பத்துக் குழந்தைக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அப்புறம் ழகரம். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் 'மழை' பல வாய்களில் 'மளை' என்றுதான் வரும். 'மழை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'மளை' என்று ஒரு குழந்தை சொன்னால், அது வாசிப்புப் பிழையா, வட்டார உச்சரிப்பா? ஆசிரியருக்கு வித்தியாசம் உடனே தெரியும். மென்பொருளுக்கு அந்த வட்டாரக் குழந்தைகளின் குரலை ஏற்கெனவே கேட்டுப் பழகியிருந்தால் மட்டுமே தெரியும்.

இரண்டாவது முடிச்சு, பேச்சும் எழுத்தும். வீட்டில் 'அவங்க வந்துக்கிட்டு இருக்காங்க'. புத்தகத்தில் 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்'. வீட்டில் 'ஆஸ்பத்திரி', 'சைக்கிளு', 'மில்லு'. புத்தகத்தில் 'மருத்துவமனை', 'மிதிவண்டி', 'நூற்பாலை'. தாய்மொழியிலேயே படித்தாலும், முதல் வகுப்புக் குழந்தைக்குப் புத்தகத் தமிழ் பாதி அந்நியம். இங்கேதான் செயலி தலைகீழாகத் தீர்ப்புச் சொல்லும் ஆபத்து. எழுதியிருப்பதைப் பார்த்து 'வந்துக்கிட்டு இருக்காங்க' என்று படிக்கும் குழந்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒலியை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கு அது தப்பு. 'வந்-து-கொண்-டி-ருக்-கி-றார்-கள்' என்று துண்டு துண்டாக, ஒன்றும் புரியாமல் படித்து முடிக்கும் குழந்தைக்கோ நட்சத்திரம்.

மூன்றாவது முடிச்சு, சொல்லின் நீளம். 'வீட்டிலிருந்து' என்று தமிழில் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக எழுதுவார்கள். தமிழில் விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டே போகும். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் புரிந்து படிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 'நிபுண் பாரத்' திட்ட இலக்கு. எல்லா மொழிக்கும் அதே 60 என்றால் தமிழ்க் குழந்தைக்குச் சுமை கூடுதல். மொழிக்கு மொழி அளவுகோல் வேறு என்பதை உணர்ந்துதான் 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. 20 மொழிகளில் தனித்தனியாக வாசிப்பு ஆய்வு நடத்தியது. சொற்களை எண்ணிச் சாதனை சொல்லும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

சொல்வளத்துக்குக் கணினி உதவுமா?

இந்த விஷயத்தில் கணினி கெட்டிக்காரன். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்து எழுதினார். மறக்கப்போகும் சமயத்தில் மறுபடி பார்த்தால் மனதில் நிற்கும் காலம் நீளும் என்பதே அதிலிருந்து வளர்ந்த பாடம். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் இதை அட்டைப் பெட்டி முறையாக்கினார். தெரிந்த அட்டை பின் பெட்டிக்குப் போகும், அதைப் பார்க்கும் இடைவெளி கூடும். தெரியாதது முதல் பெட்டிக்கே திரும்பும், நாளையே மறுபடி வரும். இன்று 'ஆன்கி' போன்ற செயலிகள் செய்வது இதே வேலைதான். எந்தக் குழந்தைக்கு எந்தச் சொல் எப்போது மறக்கும் என்று கணக்கு வைப்பதில் மனுஷனை விட மெஷின் பெட்டர்.

ஆனால் எதை அட்டையில் எழுதுவது? 'நூற்பாலை' என்ற சொல்லுக்குப் படம் போட்டுப் பொருள் சொல்லும் மென்பொருளை விட, "உங்க அம்மா வேலைக்குப் போற மில்லு இருக்குல்ல, அதைத்தான் புஸ்தகத்துல நூற்பாலைனு எழுதியிருக்கு" என்று ஒருவர் சொல்வது ஒரே நொடியில் வேலையை முடித்துவிடும். தெரிந்த சொல்லில் இருந்து தெரியாத சொல்லுக்குப் பாலம் போட, அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது ஊர்க்காரருக்குத் தெரியும்.

உலகம் என்ன கற்றுக்கொண்டது?

பெரு நாடு கிராமப்புறப் பள்ளிகளில் குழந்தைக்கு ஒரு லேப்டாப் கொடுத்தது. 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. சுமார் 15 மாதத்துக்குப் பிறகும் கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் கற்றல் வந்துவிடாது என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் இது.

டெல்லியில் நடந்தது வேறு கதை. 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து நடந்த மாலை நேர மையங்களை கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் ஆராய்ந்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க அளவு முன்னேற்றம். கல்வி ஆய்வுகளில் இது நல்ல பெரிய எண். ரகசியம், வகுப்புக்கு ஏற்ற பாடத்தை விட்டுவிட்டுக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற பாடத்தைக் கொடுத்தது. இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. அங்கே 90 நிமிடத்தில் 45 நிமிடம்தான் கணினி. மீதி 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு. கிடைத்த பலன் இரண்டும் சேர்ந்த கலவையின் பலன்.

பின்லாந்தில் உருவான 'கிராஃபோகேம்' என்ற எழுத்து–ஒலி விளையாட்டின் கதை இன்னும் நேரடியானது. பல நாடுகளில் நடந்த 28 ஆய்வுகளை 2020-ல் தொகுத்துப் பார்த்தபோது, சொல் வாசிப்பில் சராசரிப் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் குழந்தை விளையாடும்போது பெரியவர் ஒருவர் நன்றாகக் கவனித்துப் பேசிய இடங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டு ஒன்றுதான். பக்கத்தில் ஆள் இருந்த இடத்தில் அது வேலை செய்தது.

பதில் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது

இவ்வளவு தூரம் போகாமலே தமிழ்நாட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', அந்தந்தத் தெருவில் இருக்கும் தன்னார்வலர்களை, பெரும்பாலும் பெண்களை, சுமார் 2 லட்சம் பேரைச் சேர்த்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ பிள்ளைகளோடு உட்காருவார்கள்.

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் இந்த மாநிலத்தில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள், கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்பது அவர்கள் கணிப்பு.

200 கோடிச் சொற்கள் பதிவான வாசிப்பு மாரத்தான் நடந்ததும் இதே மையங்களின் வழியாகத்தான். போனைக் கொடுத்தது தன்னார்வலர். 'சத்தமா படி' என்று உட்கார வைத்தது தன்னார்வலர். தியா கேட்டது, தன்னார்வலரும் கேட்டார். எண்ணிக்கை மட்டும் செயலியின் பெயரில் செய்தியானது. பின்னாளில் அந்தத் திட்டம் சுருங்கியது. கருவிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சிக்கல் இந்த இடத்தில்தான்.

'ஆசிரியருக்கு நேரம் எங்கே?'

நியாயமான கேள்வி. கிராமத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஓர் ஆசிரியரே இரண்டு, மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். மதிப்பீடுகளைச் செயலியில் ஏற்றுவதே சுமையாகிவிட்டது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. நேரத்தை மிச்சப்படுத்த வந்த கருவி நேரத்தைத் தின்றால், அது கருவியின் வெற்றி ஆகாது.

'அப்போ திரையே வேண்டாம், புத்தகம் போதும்' என்று மறுபக்கம் போவதும் சரியல்ல. ஸ்வீடன் 2023-ல் அச்சுப் புத்தகங்களுக்குத் திரும்பப் பெரும் தொகை ஒதுக்கியது உண்மைதான். ஆனால் அங்கே குழந்தை வீட்டிலும் பள்ளியிலும் நூலகத்திலும் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. தாடிக்கொம்பு மாதிரி ஊரில் பாடநூலைத் தவிர வேறு கதைப் புத்தகமே இல்லாத வீடுகள் எத்தனையோ. அங்கே ஒரு போனில் நூறு கதை இருப்பது ஆடம்பரம் ஆகாது, அந்த வீட்டுக்கு அதுதான் நூலகம். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் 2015 முதல் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023-ல் வந்த 'வாசிப்பு இயக்கம்', நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் குட்டிப் புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கே கொடுத்தது. திரையும் தாளும் சேர்ந்து போகலாம், சண்டை தேவையில்லை.

என்ன செய்யலாம்?

ஒன்று, அளவுகோலை மாற்ற வேண்டும். எத்தனை டேப்லெட், எத்தனை கோடிச் சொல் என்பதை விட்டுவிட்டு, 'இந்தக் குழந்தை ஒரு புதுக் கதையைப் படித்து, சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்கிறதா' என்று பார்க்க வேண்டும். வீட்டில் பேசுவது மாதிரிப் பேச்சுத் தமிழிலேயே சொன்னாலும் சரிதான். புரிதலைச் சோதிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

இரண்டு, ஆளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு, திறப்பு விழாவும் நடக்கும். தன்னார்வலருக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகைக்கு விழா இல்லை. ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காரும் அந்த ஆள் இல்லாமல், 22,931 திரைகளும் பாதி வேலைதான் செய்யும்.

மூன்று, கருவி குழந்தை இருக்கும் நேரத்துக்கு வர வேண்டும். அப்பாவின் போனை நம்பி வீட்டுப்பாடம் வைப்பதை விட, மாலையில் பள்ளியிலோ நூலகத்திலோ இரண்டு மூன்று கருவிகளை முறை வைத்துக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடவிடுவதற்குப் பதிலாக, பெரிய எழுத்தில் கதையைப் போட்டு வகுப்பே சேர்ந்து படிக்கலாம். பாட்டோடு அதே மொழியில் வரிகளை ஓடவிடும் யோசனையை பிரிஜ் கோத்தாரி 1996-லேயே முன்வைத்து, குஜராத்தித் தொலைக்காட்சிப் பாடல்களில் செய்து காட்டினார். கல்வித் தொலைக்காட்சியின் ஒவ்வொரு பாட்டுக்கும் கதைக்கும் கீழே தமிழ் வரி ஓடினால், செலவு கொஞ்சம், பயன் தினமும்.

நான்கு, தமிழுக்கு ஏற்ற மென்பொருள் வேண்டும். திண்டுக்கல், ராமநாதபுரம், தருமபுரி என்று ஒவ்வொரு வட்டாரக் குழந்தைகளின் குரலையும் பெற்றோர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சேகரித்து மென்பொருளுக்குப் பழக்க வேண்டும். 'மளை'யைத் தப்பு என்று உதறாமல், எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டதா என்று பார்க்க வேண்டும். கதை முடிந்ததும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்திய மொழிகளின் பேச்சுத் தரவைத் திரட்டும் 'ஏஐ4பாரத்' சென்னை ஐ.ஐ.டி.யில்தான் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இயங்குகிறது. ஆட்களும் அறிவும் நம்மிடமே உண்டு, இது ஒரு வேலைத்திட்டமாக ஆக வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாவது, இதைப் போனில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை சொந்த ஊருக்குப் போகும் தலைமுறை பெரிது. ஊருக்குப் போகும்போது அக்கா பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ ஒரு செயலியை இறக்கிக் கொடுப்பது எளிது, ரெண்டு நிமிஷ வேலை. அதோடு எழுந்துவிடாமல் கால் மணி நேரம் பக்கத்தில் உட்காரலாம். குழந்தை படித்து முடித்ததும் "அப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சு?" என்று கேட்கலாம். ஊரில் இல்லாத நாளில் அதே கால் மணி நேரத்தை வீடியோ காலில் கொடுக்கலாம்.

சொல்லைச் சரிபார்க்க மெஷின் வந்துவிட்டது, அது நல்லதே. அந்த நரிக்கு என்ன ஆச்சு என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் எதிரில் இருக்கும்போதுதான் குழந்தைக்கு அடுத்த கதையைப் புரட்டத் தோன்றும். அந்த ஒருவருக்கான இடத்தையும் சம்பளத்தையும் எந்தப் பட்ஜெட்டில் எழுதப் போகிறோம் என்பதுதான் தமிழ்நாடு இப்போது பதில் சொல்ல வேண்டிய கேள்வி.